ஈயக் குழிக்கு மேல் ஒரு கிணறு

மதுரையில் பழங்காநத்தத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில், தெருக்குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். "உங்க ஊர்ல கெணறு இல்லையா? இங்க வந்து இம்புட்டுக் கஷ்டப்படுறீகளே?" கிணறு இருக்கிறது என்பேன். "அப்பத் தண்ணி?" தண்ணீர் கரட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். குழாயில் தண்ணீர் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது?

எங்கள் ஊர் கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மொட்டைக் கரட்டின் அடியில் இருந்தது. கரட்டின் வயிற்றுக்குள் ஒரு பழைய சுரங்கம். காரீயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்குள் இறங்கிப் பாறையில் துளை போடும் வேலை பார்த்தார். பெண்களைக் கீழே இறங்க விடமாட்டார்கள் என்பதால் நான் மேலே, கல் பொறுக்கும் கொட்டகையில் இருந்தேன். வருகிற கல்லில் தாது எது, சும்மாக்கல் எது என்று பிரித்துப் போடவேண்டும். காரீயக் கல்லைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், கையில் எடுத்ததும் மணிக்கட்டை இழுக்கும். சுத்தியால் தட்டினால் சின்னச் சின்னச் சதுரமாக உடைந்து பளபளக்கும். துத்தநாகக் கல் கருப்பட்டி நிறம். அதை உரசி மூக்கில் வைத்தால் ஊசிப்போன முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் எங்கள் கைவிரலில் எப்போதும் இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருமுறை வெளியூரிலிருந்து யாரோ பார்க்க வந்தபோது, சுரங்க இன்ஜினியர் எங்கள் கொட்டகையில் நின்று அவர்களுக்கு விளக்கம் சொன்னார். நாங்களும் கல்லைப் பொறுக்கிக்கொண்டே காதைக் கொடுத்தோம். இந்த இடமெல்லாம் எந்தக் காலத்திலோ கடலாக இருந்ததாம். கடலுக்கு அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு, பூமிக்குள் புதைந்து வெந்து, வெள்ளைக்கல்லாக இறுகிவிட்டதாம். பிறகு பூமி நெரித்ததில் அந்த வெள்ளைக்கல் படுக்கையாக இல்லாமல் செருகி வைத்த பலகை மாதிரி நெட்டுக்குத்தாக நின்றுவிட்டதாம். அதன் வெடிப்புகளில் கொதிக்கிற உப்புத் தண்ணீர் ஏறி, ஆறும்போது காரீயத்தையும் துத்தநாகத்தையும் விட்டுவிட்டுப் போனதாம். கரட்டுக்கு அடியில் தொடங்கும் அந்த வெள்ளைக்கல் பட்டை எங்கள் வயல்களுக்குக் கீழே தெற்கே ஓடுகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். இருபுறமும் கருங்கல், நடுவில் அது ஒரு நாடா. கடலே ஓடிப்போன ஊரில்தான் நாங்கள் தண்ணீருக்கு அலைந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தால் கூலியைப் பிடிப்பார்கள்.

கம்பெனி வருவதற்கு முன்னாலேயே அங்கே தோண்டியிருக்கிறார்கள். கரட்டின் மேல் ஆள் குனிந்து நுழையும் பொந்துகள் இருந்தன. சுவரெல்லாம் உளி கொத்திய தடம். அடிவாரத்தில் உருக்கிக் கொட்டிய கறுப்புக் கிட்டம் குவியலாகக் கிடந்தது. ஆட்டுக்கிடைக்குச் சுற்றுச்சுவர் வைக்க நாங்கள் அதைத்தான் அள்ளிவருவோம். தோண்டியவர்கள் யார், எந்த ராஜா காலத்து ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரன் வந்து குழி இறக்கிக் கைவிட்டுப் போனான். அவனுக்குப் பிறகு வந்ததுதான் எங்கள் கம்பெனி. மேல் மட்டத்தில் துளை போட்டுக்கொண்டு போனபோது ஒருநாள் என் வீட்டுக்காரரின் உளி சடாரென்று உள்ளே இறங்கியதாம். அந்தப்பக்கம் பழைய ஆட்கள் வெட்டிய குகை. தவழ்ந்துதான் போகமுடியும். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, கல்லை அடுக்கி மூடச் சொல்லிவிட்டார். அது எங்கே போகிறது என்று அவரும் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. இதை ராத்திரிச் சோற்றுக்கு என் வீட்டுக்காரர் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். நானும் வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றால் ஆட்கள் வேலை செய்ய முடியாது, அதனால் பம்பு நிற்கவே நிற்காது. அது இறைக்க இறைக்க ஊர்க் கிணறுகள் வற்றிப்போயின. நிலம் வைத்திருந்த சம்சாரிகள் கம்பெனியைத் திட்டிக்கொண்டே நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். அப்போதுதான் என் வீட்டுக்காரர் யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். தெற்கே, சரியாக வெள்ளைக்கல் பட்டைக்கு மேலே, வற்றிய கிணற்றோடு கிடந்த ஒரு துண்டு நிலத்தை விலைக்குக் கேட்டார். எங்கள் ஆட்கள் அதுவரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கியவர்கள், களத்தில் நின்று கூலி நெல் வாங்கியவர்கள். நிலத்துக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். காய்ந்த கிணற்றை ஒருவன் சம்பளத்தைக் கொட்டி வாங்குகிறான் என்றால் சிரிப்பு வராதா? எங்கள் வம்சத்தில் அதுதான் முதல் நிலம்.

எழுபதுகளின் நடுவில் சுரங்கத்தை மூடினார்கள். கீழே போகப்போகத் தாது மெலிந்து நூலாகிவிட்டது, தண்ணீர் இறைக்கிற செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். குழியின் வாயில் கான்கிரீட் பலகை போட்டுவிட்டு, இரும்பு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரே எழவு வீடு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் நேராகப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தார்.

"பம்ப நிறுத்திட்டாக புள்ள. இனி தண்ணி எங்க போகும்? நம்மகிட்டத்தான் வந்தாகணும்."

வந்தது. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கிணற்றின் சுவர் கசிந்தது, பிறகு தரை நனைந்தது, பிறகு என் முகம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வேலை போன கவலையெல்லாம் எனக்கு மறந்துபோனது. அந்த வருடம்தான் மகள் பிறந்தாள். அவள் பிறந்த கையோடு வரப்பு ஓரமாகத் தென்னம்பிள்ளைகள் வைத்தோம். நடுவில் கடலையும் கத்தரியும் போட்டோம். நிலத்தை விற்றவர் எங்கள் வரப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் நன்றாக ரசித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. முதல் வருடம் பொறுத்தோம். அடுத்த வருடமும் வானம் வெள்ளையாகவே கிடந்தது. மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் கிணற்று மேட்டில் ஆட்கள் கூட்டமாக நின்று ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிணற்றில் மூலையில் ஒரு ஊற்றுக்கண் மட்டும் கசிந்தது. காலையில் இறைத்தால் தென்னைக்குக் குடம் குடமாக ஊற்றலாம், அவ்வளவுதான். அந்தத் தென்னைகள் முதல் பாளை விடுகிற பருவத்தில் இருந்தன. இன்னும் ஒரு கோடையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். தாண்டாவிட்டால் அத்தனை வருடமும் வீண், நிலத்தையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் கிணற்றுக்குள் இறங்கித் தரையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்து ஆட்களின் பழக்கம் அது. தட்டும்போது வருகிற சத்தத்தை வைத்து, பாறை கெட்டியா பொள்ளலா என்று சொல்வார்கள். மேலே வந்தபோது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"நம்ம கெணத்துக்கு நேர் கீழதான் நான் கம்பெனியில வெட்டுன குகை ஓடுது. அதுல ஒரு கம்மாயே கெடக்கு புள்ள. ஊர்ல உள்ள கம்மாயெல்லாம் காஞ்சாலும் அது காயாது."

"நெறஞ்சிருக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"பெருமழை பெஞ்ச வருசம் காத்துக்குழியில கல்லப் போட்டுப் பாத்தேன்ல. ஒம்பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தண்ணிச் சத்தம் வந்துச்சு."

அது உண்மைதான், நானும் கூட நின்றேன். ஆனால் அதற்குப் பிறகு, சுரங்கத்துக்குள் காற்றுப் போக வெட்டிய அந்தக் குழியில் ஆடு விழுந்து செத்ததால் ஊர்க்காரர்கள் கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். பெரிய குழியில் கான்கிரீட். உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. யாரும் இறைக்காத தண்ணீர், எங்கேயும் போகாது என்பதுதான் அவர் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், அதில் என்ன தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சுரங்கத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டார். மற்றக் கிணறு வெட்டுகிறவர்கள் போல அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வெடி வைக்கவில்லை. பழைய தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் சுரங்கத்தில் ஒரு முறை உண்டு. முதலில் விரல் பருமனுக்கு ஒரு சோதனைத் துளை போடுவார்கள். தண்ணீர் பீறிட்டு வந்தால் அடைக்க ஒரு கட்டையைத் தயாராகப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் வேப்பங்கட்டையைச் சீவிச் சீவி ஒரு அடைப்புக்கட்டை செய்தார். அதைச் சுற்ற எண்ணெயில் நனைத்த துணி வேண்டும் என்றார். அவருடைய முதல் போனஸில் எனக்கு எடுத்துத் தந்த பச்சைச் சுங்கடிச் சேலை நைந்து கிடந்தது. அதிலிருந்து வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு கிழி கிழித்துக் கொடுத்தேன்.

"தண்ணி வந்தா மொதக் கொடம் எனக்கு," என்றேன்.

"ஒனக்கில்லாமயா? ஒஞ்சேலையில்ல தடுத்து நிறுத்தப் போகுது!"

பாறையைச் சில நாட்கள் சின்ன வெடிகளாகவே வைத்து இறக்கினார்கள். கடைசியில் சோதனைத் துளை. நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உளி உள்ளே போனது. மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள். தண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து துளையின் மேல் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"என்னண்ணே?" என்றார் கூட இருந்தவர்.

"காத்து வருது."

அடைப்புக்கட்டையை அடித்து இறுக்கிவிட்டு மூன்று பேரும் ஏறி வந்தார்கள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் கீழே நிற்கும் போலிருக்கிறது, நாளைக்கு யோசிப்போம் என்றார். சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. காதுக்குக் கேட்டதைவிட உட்கார்ந்திருந்த தரையில்தான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டை அடித்த மூலையே கிணற்றில் இல்லை. அங்கே கறுப்பாக ஒரு ஓட்டை. ஊற்றுக்கண்ணிலிருந்து கசிந்த தண்ணீர் சுவரோடு வழிந்து, தரையில் ஓடி, அந்த ஓட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஆழத்தில் விழுகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

வருகிற தண்ணீரைத் தடுக்க அவர் எல்லாம் செய்துவைத்திருந்தார். போகிற தண்ணீரை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. உலகத்தில் எவன் நினைத்துப் பார்ப்பான்?

கல் போட்டோம். வைக்கோல் கட்டுகளை இறக்கிக் களிமண்ணைக் கொட்டினோம். ஒரு புளியமரத்தின் தூரையே உருட்டித் தள்ளினோம். எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டது. பக்கத்துக் கிணறுகளும் அதே வெள்ளைக்கல் பட்டையில் இருந்ததால் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. ஊரில் கொஞ்சநஞ்சம் இருந்த தண்ணீரும் எங்கள் கிணற்றின் வழியாகத்தான் பாதாளத்துக்குப் போனது. யாரும் அடிக்க வரவில்லை. அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நிலத்தை விற்றவர் மட்டும் வந்தார். வரப்பில் நின்று கிணற்றைப் பார்த்தார். தன்னைவிட மூத்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒனக்கெல்லாம் எதுக்குடா கெணறு?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. "காஞ்ச கெணத்த வித்துப்புட்டுச் சிரிச்சீகளே, அப்பக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்தார். எனக்குப் பதில் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

தை முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். கரட்டுக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து மேளத்தோடு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊர்க் கோடியில், கரட்டின் அடியில் ஒரு பொந்து உண்டு. அதிலிருந்து நல்ல காலத்தில் நூலாகத் தண்ணீர் வரும். அதற்கு முன்னால் ஒரு அம்மனை வைத்துக் கும்பிடுவார்கள். இந்தப் பஞ்சத்தில், எங்கும் இல்லாத அதிசயமாக, அந்தப் பொந்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறதாம். "எங்க ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. பொங்க வைக்கிறோம். சுத்துப்பட்டுக்கெல்லாம் தண்ணி குடுக்குறோம், கொடத்தோட வாங்க," என்றார்கள். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

போனோம். எங்கள் தெரு ஆட்களைக் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு தெளிவு. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் மேட்டில் நின்றுகொண்டு, எங்கள் குடங்களில் செம்பு படாமல் தூக்கி ஊற்றினார். என் முறை வந்தபோது கூட்டம் விலகியதில் பொந்து முழுதாகத் தெரிந்தது. ஆள் தவழ்ந்து நுழையும் அளவு. சுவரெல்லாம் உளி கொத்திய தடம். கல்லை அடுக்கி மூடச் சொன்னாரே மேஸ்திரி, அந்தக் குகையின் மறுவாய் இது. அடுக்கிய கல் எப்போதோ சரிந்திருக்கும். பெயர் தெரியாத அந்தப் பழைய ஆட்கள் தங்கள் குழியில் ஊறிய தண்ணீரை வடித்துவிட இந்தப்பக்கம் ஒரு வழி வெட்டியிருக்கிறார்கள். சுரங்கம் இந்த மட்டத்துக்கு மேல் என்றைக்கும் நிறைந்திருக்கவே முடியாது. பெருமழை வருடத்தில் மட்டும் வெளியே போவதைவிட உள்ளே வந்தது அதிகமாக இருந்திருக்கும்.

அம்மனின் காலடியில் பூவோடு பூவாக ஒரு கட்டை இருந்தது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதன் இடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு பச்சைத் துணி. துணியில் வெள்ளைப் புள்ளிகள்.

"தண்ணி பெருகுன அன்னைக்கு மொத மொத இதான் வெளிய வந்துச்சு," என்றார் பூசாரி, என் பார்வையைப் பார்த்துவிட்டு. "ஆத்தா சேல கட்டிக்கிட்டு வந்திருக்கா."

அது என் சேலை, இது எங்கள் தண்ணீர், எங்கள் கிணற்றுத் தண்ணீரையா எங்களுக்கே மேட்டில் நின்று ஊற்றுகிறீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்தக் கட்டையைப் பார்த்துக் கும்பிட்டார். கொடுத்த பொங்கலைத் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், கரடு ஏறும் இடத்தில் கேட்டேன், "ஏன் சொல்ல விடல?"

"சொல்லி? அடைக்க முடியுமா? நம்ம போட்ட கல்லாலயே அடைக்க முடியல. தெரிஞ்சா நம்மளத்தான் அடிப்பாக. தெரியலைன்னா கும்புட்டுக்கிட்டாவது கெடப்பாக."

அந்த ஊற்று சித்திரைக்கு முன்னாலேயே நின்றுபோனது. எங்கள் ஊரில் வடிய இனி எதுவும் இல்லை. யார் செய்த தீட்டோ, ஆத்தாவுக்குக் கோபம் என்று அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். அதற்குள் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பழங்காநத்தம் வந்துவிட்டோம். அவர் ஒரு சிமெண்டுக் கடையில் மூட்டை இறக்கப் போனார். தென்னைகள் எல்லாம் கொண்டை சாய்ந்து நின்றன. அவற்றை வெட்டிப் போடக்கூட யாரும் வரவில்லை.

ஆனால் பொங்கல் வாங்கித் திரும்பிய அன்று, அந்தக் குடத்தைத் தலையிலிருந்து இறக்காமல் நேராக வயலுக்குத்தான் போனேன். குருத்து கொஞ்சம் பச்சையாக இருந்த ஒரே தென்னை கிணற்றடியில் நின்றது. அதன் தூரில் ஊற்றக் குனிந்தேன். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, மகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குடத்தைச் சாய்க்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் அப்படியே நின்றேன்.

அவர் பின்னால் வந்து நின்று கிணற்றைப் பார்த்தார்.

"அங்க ஊத்தாத புள்ள," என்றார். "எறங்கி மறுபடி அந்தப்பக்கந்தான் போகும்."